பால்கடைக்காரரின் தொகுதியும் எங்கள் பெயரும்

வேல்ஸ் நாட்டின் மேற்குப் பக்கத்தில் ஒரு பாராளுமன்றத் தொகுதி இருக்கிறது. நான் அங்கே ஒருநாளும் போனதில்லை. ஆனால் அந்தத் தொகுதியில் யார் யார் எப்போது நின்றார்கள், யார் வென்றார்கள், எந்தத் தேர்தலில் பனி கொட்டி மலைக் கிராமத்து வாக்குப் பெட்டி பிந்தி வந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் நான் பிறந்த தொகுதியைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு புத்தகத்தை மூன்று தடவை தட்டச்சு செய்தால் எந்தக் கழுதைக்கும் அது மனப்பாடமாகிவிடும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு நானும் கணவரும் தெற்கு லண்டனில் ஸ்ட்ரெதமில் ஒரு பால்கடைக்கு மேலே உள்ள அறைக்குக் குடிவந்தோம். ஒரு காலத்தில் லண்டனின் பால் வியாபாரம் பெரும்பாலும் வேல்ஸ்காரரின் கையில் இருந்ததாம். எங்கள் காலத்தில் அப்படிப்பட்ட கடைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்றை நடத்திய கணவன் மனைவி இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். கணவர் நெடுநெடுவென்று வளர்ந்தவர், பேச்சு குறைவு. மனைவி அதற்கும் சேர்த்துப் பேசுவார். வாடிக்கையாளரோடு ஆங்கிலத்தில் பேசுவார்கள். அந்த வாடிக்கையாளரைப் பற்றித் தங்களுக்குள் தங்கள் மொழியில் பேசுவார்கள். நாங்களும் அதையேதான் செய்தோம். அதனால் அந்தக் கடையில் நாலு பேரும் நின்றால் யாரைப் பற்றி யார் என்ன சொல்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது, எவருக்கும் மனத்தாங்கலும் இல்லை.

என் கணவருக்குப் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. நான் காலையில் கடையில் நின்று பாலும் முட்டையும் பாணும் விற்பேன். மத்தியானத்துக்கு மேல் கடைக்காரர் பின்னறைக்குப் போய்விடுவார். அங்கிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு மறுபடி ஒரு டொக். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். எட்டாம் நாள் உள்ளே எட்டிப் பார்த்தால், மனிதர் ஒற்றை விரலால், கோழி குப்பையைக் கிளறுவதுபோல், ஒரு பழைய டைப்ரைட்டரைக் குத்திக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்து, கொழும்பில் ஒரு கந்தோரில் ஆறு வருடம் அதையே தொழிலாகச் செய்தவள் நான். அந்தக் காட்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை. எழும்புங்கள் என்று சொல்லி அவருடைய கதிரையில் உட்கார்ந்தேன். அதிலிருந்து எழும்ப எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

அவர் எழுதிக்கொண்டிருந்தது தன் சொந்தத் தொகுதியின் தேர்தல் வரலாறு. இருபது வயதில் அந்த ஊரை விட்டு வந்தவர். ஒவ்வொரு கோடையிலும் மனைவியை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, நூலகத்தில் போய் உட்கார்ந்து, பழைய பத்திரிகைகளையும் வாக்காளர் பட்டியல்களையும் பார்த்துப் பென்சிலால் படியெடுத்திருக்கிறார். முட்டை வரும் அட்டைப் பெட்டிகளில் துண்டு அட்டைகளாக அடுக்கி வைத்திருந்தார். பெட்டியின் வெளிப்பக்கத்தில் கோழிப் படம், உள்ளே நூறு வருடத்துக்கு மேற்பட்ட தேர்தல்கள்.

எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அவர்களுடைய ஊர்ப் பெயர்களில் மெய்யெழுத்துகள் வரிசையாக நின்று உயிரெழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும். ஒரு பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆனால் போகப் போக அந்தத் தொகுதி என்னைப் பிடித்துக்கொண்டது. தொடக்கத்தில் ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பம் தகப்பன், மகன், பேரன் என்று போட்டியே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு அரச திருச்சபையை விட்டு விலகிச் சிற்றாலயங்களுக்குப் போகும் எளிய சனங்களின் பக்கம் எழுந்தது. அதற்கும் பிறகு சுரங்கத் தொழிலாளரின் பக்கம். நடுவில் ஒரு வைத்தியர், நிற்கும் ஒவ்வொரு தேர்தலிலும் தோற்பவர். ஒவ்வொரு முறையும் தோற்றபிறகு எல்லாருக்கும் நன்றி சொல்லிப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதுவார். அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. அடுத்த அட்டையிலாவது அவர் வென்றிருக்க மாட்டாரா என்று பார்ப்பேன். அவர் வெல்லவேயில்லை.

புத்தகத்தின் நாலாம் அத்தியாயம்தான் கடைக்காரருக்கு மிக முக்கியமானது. அது இரகசிய வாக்கெடுப்பு வருவதற்கு முந்திய காலம். அப்போதெல்லாம் வாக்களிப்பவன் மேடையில் ஏறி, எல்லார் முன்னிலையிலும் தன் பெயரையும், தான் ஆதரிப்பவரின் பெயரையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதை எழுதி, பிறகு புத்தகமாகவே அச்சடித்து விற்பார்களாம். இன்னார், இன்ன பண்ணை, இன்னாருக்கு வாக்களித்தார். ஒரு தேர்தலில் நிலக்கிழாரின் ஆளுக்கு எதிராகக் குத்தகை விவசாயிகள் சிலர் துணிந்து வாக்களித்தார்கள். நிலக்கிழாரின் கணக்கப்பிள்ளை அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் பெயராகப் பார்த்து, அவர்களைக் குடும்பத்தோடு பண்ணைகளிலிருந்து வெளியேற்றினார். வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர் கடைக்காரரின் பூட்டன்.

அந்த அத்தியாயம் இப்படி முடிந்தது: “அதன்பின் அவர் தன் பெயரை எந்தப் பட்டியலுக்கும் கொடுக்கவில்லை.” வீட்டில் பரம்பரையாகச் சொல்லிவந்த கதையாம் அது. நான் அந்த வரியைத் தட்டச்சு செய்தபோது, சரியான மனுசன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்படிச் சொன்னதற்கு எனக்கொரு காரணம் இருந்தது. அதை அதுவரை லண்டனில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு நவம்பர் முடிவில், ஒரு ஊர்ப் பெயரைச் சரிபார்க்கக் கடைக்காரர் என்னை நூலகத்துக்கு அனுப்பினார். போன இடத்தில் மேசைமேல் எங்கள் பகுதியின் வாக்காளர் இடாப்பு கிடந்தது. புது வருடத்துக்கான நகல். பிழை திருத்தம் இருந்தால் சொல்லலாம் என்று யாரும் புரட்டிப் பார்ப்பதற்காகக் கட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வருடமாகச் செத்தவர்களின் இடாப்பையே தட்டச்சு செய்துகொண்டிருந்த எனக்கு, உயிரோடிருப்பவர்களின் இடாப்பு எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை வந்தது. எங்கள் தெருவை எடுத்தேன். கடையின் இலக்கத்தை எடுத்தேன். கடைக்காரர் பெயர், அவர் மனைவி பெயர், அதற்குக் கீழே என் கணவரின் பெயர், அதற்குக் கீழே என் பெயர்.

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வந்தது பயம் இல்லை, கோபம். என்னுடைய கோபம் எங்கள் குடும்பத்தில் பேர்போனது. நூலகத்திலிருந்து கடை வரைக்கும் மழையில் குடை விரிக்காமல் நடந்தேன். கடைக்குள் மூன்று வாடிக்கையாளர்கள் நின்றார்கள். அவர்கள் நடுவில் நின்று கடைக்காரரைப் பார்த்து, யாரைக் கேட்டு எங்கள் பெயரைக் கொடுத்தீர்கள் என்று கத்தினேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்டோபரில் கவுன்சிலிலிருந்து படிவம் வந்ததாம். வீட்டில் இருப்பவர்கள் எல்லாருடைய பெயரையும் எழுத வேண்டுமாம். பொதுநலவாய நாட்டவர் என்றபடியால் எங்களுக்கும் இங்கே வாக்கு உண்டாம். அது எங்களுக்கே தெரியாது என்பதைக் கண்டுபிடித்து, தேர்தல் வரும்போது சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்திருந்தாராம். சொல்லும்போதே அவருடைய முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. அந்தப் பெருமை எனக்கு எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி செய்வோம், புத்தகத்தை வேறு யாரிடமாவது கொடுத்து அடியுங்கள் என்றேன். உங்கள் பூட்டன் செய்ததுதான் சரி, அவருக்கு இருந்த புத்தி உங்களுக்கு இல்லை என்றும் சொன்னேன். வாடிக்கையாளர்களில் ஒருவர் பாலை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடைக்காரரின் மனைவி என் கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஈர மேலங்கியைக் கழற்றினார். தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

கொழும்பில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். எண்பத்து மூன்றுக்கு முந்திய வருடம், வாக்காளர் இடாப்பு எழுத வந்த கிராம சேவகருக்குத் தேநீர் கொடுத்து, எங்கள் பெயர்களை என் கையாலேயே எழுத்துப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தவள் நான். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. அடுத்த வருடம் ஜூலையில், பட்டப்பகலில், தமிழர் வீடுகளைத் தேடிக்கொண்டு எங்கள் கேற்றடிக்கு ஒரு கூட்டம் வந்தது. அவர்களில் ஒருவனுடைய கையில் தாள்கள் இருந்தன. அவன் வீட்டு இலக்கத்தைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், பிறகு பெயரை வாசித்தான். முதலில் என் கணவரின் பெயர். பிறகு என்னுடையது. நாங்கள் அப்போது பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் குளியலறைக்குள் இருந்தோம். கணவர் தன் கையால் என் வாயைப் பொத்தியிருந்தார். வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது பதில் சொல்லாத பிள்ளைபோல நான் என் பெயரைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். வீடு எரிந்தது. நாங்கள் பிழைத்தோம். நான் எழுதிக் கொடுத்த எழுத்தைப் பார்த்துத்தான் அவன் வாசித்தான் என்ற நினைப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

சொல்லி முடித்துத் திரும்பினால், கடைக்காரர் கதவடியில் பால்போத்தல் கூடையோடு நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. கூடையைக் கீழே வைத்தார். மேசைக்கு வந்து, ஒரு தாளை எடுத்து, கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினார். மேல்மாடியில் இருக்கும் இருவரின் பெயர்களையும் அவர்களுடைய சம்மதம் இல்லாமல் தான் எழுதிவிட்டதாகவும், அவற்றை நீக்கிவிடும்படியும் கேட்டு எழுதிக் கையெழுத்திட்டார். உறையில் முத்திரை ஒட்டி என்னிடம் நீட்டினார்.

“நான் உங்களைக் கேட்டிருக்க வேண்டும்” என்றார். “இதை நீங்களே தபாலில் போடுங்கள். டிசம்பர் நடுப்பகுதி வரை நேரம் இருக்கிறது.”

அவ்வளவுதான். எங்களை ஏன் நீக்கக் கூடாது என்று அவர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. வாழ்நாள் முழுக்க வாக்காளர் பட்டியலையே நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிந்த மனிதருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. உறையைப் பிடுங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கணவர் வேலையால் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைப்போலவே துள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, உமக்கு விருப்பமில்லாவிட்டால் போட்டுவிடும் என்றார். அந்தக் குரலில் ஏதோ குறைந்தது. உங்களுக்கு என்ன விருப்பம் என்று கேட்டேன்.

“எனக்கெண்டால் அது கிடக்கட்டும் எண்டுதான் இருக்கு” என்றார். “அங்க வந்தவங்கள் எங்களைத் தேடித்தான் பேரை வாசிச்சவங்கள். இஞ்ச ஒருத்தரும் எங்களைத் தேடேல்லை. இந்த வீட்டில இருக்கிறம் எண்டு எழுதியிருக்கினம், அவ்வளவுதான்.”

“எழுதினதை ஆரும் எப்பவும் வாசிக்க ஏலும்” என்றேன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்று நான் ஒரு பழமொழியையும் எடுத்துவிட்டேன். அவர் சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எங்கள் கலியாண வாழ்க்கையில் நான் பேசித் தோற்ற சண்டைகள் குறைவு, அவர் பேசாமல் வென்ற சண்டைகள்தான் கூட. கடிதம் கைப்பைக்குள்ளேயே இருந்தது. நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று தபால்பெட்டியைத் தாண்டி நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. அறையைக் காலி செய்யவில்லை. உண்மையைச் சொன்னால் போவதற்கு வேறு இடமும் இருக்கவில்லை. திங்கட்கிழமை கடைக்காரரின் மனைவி ஒரு துண்டு பழ ரொட்டியைக் கொண்டுவந்து டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ரொட்டி வந்த இடத்தில் வேலை செய்யாமல் இருப்பது மரியாதை இல்லை. நான் உட்கார்ந்தேன். மிச்சமிருந்தது புத்தகத்தின் கடைசியில் வரும் பெயரட்டவணை ஒன்றுதான். டிசம்பர் கடைசியில் வரும் நத்தாருக்கு முன் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். யார் யாருடைய பெயர் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் எழுதுவது. வேட்பாளர்கள் மட்டுமில்லை, வாக்குப் புத்தகத்திலும் பட்டியல்களிலும் வந்த சனங்கள் எல்லாரும்.

பத்து நாள் அதே வேலை. கோழிப் பெட்டிகளிலிருந்து அட்டைகளை எடுத்து, வரிசைப்படுத்தி, அடித்து முடித்துப் பெருமையோடு கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் எல்லாரையும் அவரவர் சொந்தப் பெயரின்படி வரிசைப்படுத்தியிருந்தேன். ஆங்கிலேயர் வழக்கப்படி குடும்பப் பெயரைத்தான் முன்னால் எடுத்து வரிசைப்படுத்த வேண்டுமாம். எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் ஒருவருடைய பெயர் என்றால் அவருடைய பெயர்தான். தகப்பன் பெயர் அதற்கு முன்னால் ஓர் எழுத்தாக நிற்கும். ஒருவரைத் தேடவேண்டுமென்றால் அவருடைய பெயரில்தானே தேடுவோம், தகப்பன் பெயரிலா தேடுவோம்? கந்தோரில் ஆறு வருடம் கோப்புகளை அப்படித்தான் அடுக்கினேன், ஒரு கோப்பும் தொலைந்ததில்லை. அதையெல்லாம் அவரிடம் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று அவர் நினைத்தாரோ என்னவோ.

அதோடு நிற்காமல், உங்களுடைய ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இருந்தும் என்ன பிரயோசனம் என்றும் கேட்டேன். முழுத் தொகுதிக்கும் சேர்த்து நாலைந்து குடும்பப் பெயர்தான். அதன்படி வரிசைப்படுத்தினால் ஒரே பெயர் பக்கம் பக்கமாக வரும். என்னுடைய முறையிலென்றால் ஆளைப் பிடிக்கலாம். இதோ பாருங்கள் என்று ஒரு பக்கத்தைத் திருப்பினேன். பழைய ஏற்பாட்டில் வரும் ஒரு தீர்க்கதரிசியின் பெயர் அதில் இருந்தது. அபூர்வமான பெயர். அந்தப் பெயரில் முழுப் புத்தகத்திலும் இரண்டே இரண்டு இடம். உங்கள் முறையில் அடித்திருந்தால் இந்த மனிதன் தன் குடும்பப் பெயர்க் கூட்டத்துக்குள் மூழ்கிப் போயிருப்பான் என்றேன்.

கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். அது தன் பூட்டனின் பெயர் என்றார். முதலாவது இடம் நாலாம் அத்தியாயம், அது அவருக்குத் தெரியும். இரண்டாவது இடம் எது?

நான் பெட்டியைத் திறந்து அந்த அட்டையை எடுத்தேன். பூட்டன் வெளியேற்றப்பட்டுப் பல வருடங்களுக்குப் பிந்திய அட்டை. தொகுதியின் மறு கோடியில் இருந்த ஒரு சிறு நெசவுப் பட்டணம். கடைக்காரரே முப்பது வருடத்துக்கு முன் பென்சிலால் படியெடுத்தது. ஒரே குடும்பப் பெயரில் முப்பது நாற்பது பேரை ஒரே மூச்சில் எழுதும்போது, எங்கேயோ ஒரு பட்டணத்தில், ஏதோ ஒரு தெருவில் இருந்த அந்த ஒருவரை அவருடைய கை எழுதியிருக்கிறது, கண் பார்க்கவில்லை. தெருவின் பெயரை வாசித்ததும் அவர் மெல்ல உட்கார்ந்தார். அவருடைய பாட்டனார் பிறந்தது அந்தத் தெருவில்தானாம்.

அட்டையின் தலைப்பில் இருந்ததை நான் வாசித்துக் காட்டினேன். அது சும்மா வாக்காளர் பட்டியல் இல்லை. பட்டியலில் தங்கள் பெயர் விடுபட்டுப் போயிற்று, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தாங்களாகவே வந்து கேட்டவர்களின் பட்டியல்.

கடைக்காரர் மனைவியைக் கூப்பிட்டார். தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். அந்த அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். பிறகு கடைக்காரர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்:

“அவர் கேட்டு வாங்கியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் சொல்லாமல், தானாகப் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறார்.”

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்த கதை என்னுடையது. பிழையான அட்டவணையால் ஒரு சரியான மனிதர் அகப்பட்டுவிட்டார். அவர்கள் இரண்டு பேரும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். எனக்கோ அந்தச் செத்துப்போன கிழவர் மேல் கெட்ட கோபம் வந்தது. ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முன் கடை நடுவில் நின்று, உங்கள் பூட்டன் செய்ததுதான் சரி என்று முழங்கியவள் நான். என் பக்கத்துக்கு இருந்த ஒரே சாட்சி அவர். அவரும் கட்சி மாறிவிட்டார். பட்டியலைப் பார்த்துத் தன் பிள்ளைகளைத் தெருவில் விட்டதைக் கண்ட மனிதருக்கு, திரும்பப் போய்ப் பெயர் கொடுக்க என்ன விசர் பிடித்தது என்று மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன். இரண்டு மூன்று நாள் அந்தச் சண்டை நடந்தது. கடையில் பால் கொடுக்கும்போதும், துணி தோய்க்கும்போதும், பஸ்ஸில் போகும்போதும் நடந்தது.

மூன்றாம் நாள்போல எனக்கு ஒன்று தோன்றியது. அவருக்குப் பயம் போயிருக்காது. பயம் இருந்தபடியால்தான் வீட்டில் சொல்லவில்லை. பயத்தையும் கொண்டே போய்க் கேட்டிருக்கிறார். பயம் போன பிறகுதான் பெயர் கொடுக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிக் காத்திருந்தால் என் ஆயுள் போதாது.

நாலாம் அத்தியாயத்தின் கடைசி வரியை மாற்றி அடித்தேன். டிசம்பர் நடுப்பகுதி வந்தது, கடந்தது. கைப்பையிலிருந்த கடிதத்தை நான் போடவில்லை. கிழித்து எறியவும் இல்லை, அதற்கு மனம் இடங்கொடுக்கவில்லை. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரையை நீராவியில் பிரித்தெடுத்து வேறு கடிதத்துக்கு ஒட்டினார். வேல்ஸ்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை.

புத்தகம் அடுத்த வருடம் மே மாதம் அச்சாகி வந்தது. மெல்லிய அட்டை, சின்ன எழுத்து. பெயரட்டவணையை நான் திருத்தி அடிக்கிறேன் என்று சொன்னபோது அவர் விடவில்லை. அப்படியே அச்சடித்து, மேலே ஒரு வரி சேர்த்திருந்தார்: இந்த அட்டவணை, இதைத் தயாரித்தவருடைய ஊர் வழக்கப்படி அமைந்தது, அதற்கு ஆசிரியர் நன்றியுடையவர். அந்தத் தொகுதியில் அதைப் படித்தவர்கள் தலையைச் சொறிந்திருப்பார்கள். பிழையை மன்னிக்கிறவர்கள் உண்டு, பிழைக்கு நன்றி சொல்லி அச்சடிக்கிறவர்களை நான் பிறகு கண்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர்கள் கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போனார்கள். நாங்கள் லண்டனின் தெற்கோரத்தில் உள்ள சட்டனுக்கு வந்தோம். ஒவ்வொரு பொதுத் தேர்தல் முடிந்ததும் அவரிடமிருந்து அந்தத் தொகுதியின் முடிவு வெட்டிய பத்திரிகைத் துண்டாக வரும். என் பிரதியின் கடைசி வெற்றுப் பக்கத்தில் அதை எழுதி வைப்பேன். தொண்ணூற்றேழில் வந்த துண்டில் அவருடைய கையெழுத்து இல்லை, மனைவியுடையது இருந்தது. அவர் அந்த வருடத் தேர்தலைப் பார்க்கவில்லை. முடிவை வழக்கம்போல எழுதி வைத்தேன். அன்றைக்கு நிறைய அழுதேன்.

அவருக்கு நான் நேரே நன்றி சொன்னதில்லை. எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் குறைவு, எனக்கு இன்னும் குறைவு. ஆனால் புத்தகம் வந்த அடுத்த மாதம், எண்பத்தேழு ஜூனில் நடந்ததை அவரிடம் சொன்னேன். அதைவிடப் பெரிய நன்றி என்னிடம் இருக்கவில்லை.

அது ஒரு வியாழக்கிழமை. பக்கத்துப் பாடசாலை மண்டபத்தில் வாக்கெடுப்பு. கூட வரட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். நான் என்ன சின்னப் பிள்ளையா என்று கேட்டுவிட்டு, கணவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவரோடு புறப்பட்டேன். வாக்குச் சீட்டில் ஒரு புள்ளடி போடப் போறதுக்குச் சேலை ஏன் என்று கணவர் கேட்டார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தேன். நல்ல வெயில். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு கிழவரும் நாயும் நின்றார்கள்.

மேசையில் ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தாள். முன்னால் இடாப்பு, கையில் கோடு போடும் அடிமட்டமும் பென்சிலும். கணவரிடம் முகவரியைக் கேட்டாள். அடிமட்டத்தைக் கீழே கீழே நகர்த்திக்கொண்டு போய் நிறுத்தினாள். பிறகு எங்கள் வீட்டு இலக்கத்தையும் என் கணவரின் பெயரையும் மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்தாள்.

அப்படி வாசிப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடைக்காரருக்கு அது மூச்சு விடுவதுபோல் பழகிய விஷயம், சொல்லத் தோன்றியிருக்காது. கை தானாகப் போய் என் வாயைப் பொத்திக்கொண்டது. கணவர் சீட்டை வாங்கிக்கொண்டு போகாமல், எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய முகமும் வெளிறித்தான் இருந்தது.

அந்தப் பெண் அடிமட்டத்தை ஒரு வரி கீழே இறக்கினாள். வாசித்தாள். என் பெயரை உச்சரிக்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒருதரம் தடுக்கி, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, பிழை விட்டுவிடக் கூடாதே என்று அவ்வளவு கவனமாக வாசித்தாள். வாசித்து முடித்துத் தலையை நிமிர்த்தி, நீங்கள்தானே என்பதுபோல என்னைப் பார்த்துக் காத்திருந்தாள்.

வாயிலிருந்து கையை எடுத்தேன்.

“ஓம்” என்றேன். “நான்தான்.”

தமிழில் சொல்லிவிட்டேன் என்பது கணவர் என் கையைப் பிடித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பெண்ணுக்கு அது குறையாகப் படவில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, சீட்டைக் கிழித்து என்னிடம் தந்தாள்.